கொங்கிறீற்றுப் பாளங்களைக் கோல்கொண்டு இணைப்பது எப்போது?

கொங்கிறீற்று வீதியொன்றிலே பேருந்திற் செல்வோர், மூட்டுக்கு மூட்டுச் சக்கரம் 'தடக், தடக்' என ஒலிப்பதைக் கேட்டிருத்தல் கூடும். அடுத்தடுத்துக் கிடக்கும் பாளங்கள் ஒரே மட்டத்தில் இல்லை என்பதற்கு அவ்வொலி பெரும்பாலும் அறிகுறியாகும். இக்குறை நேராமற் காத்தற்பொருட்டே பொறியியலாளர் மூட்டுகளில் டவல் கோல்களை இடுவர். ஆயின், எல்லா மூட்டுகளுக்கும் அவை வேண்டுமோ? வேண்டாவிடத்து இட்டால் தீங்கு விளையாதோ? இவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், மூட்டு விடுவதன் காரணத்தை அறிதல் வேண்டும். கொங்கிறீற்று உலரும்போது சுருங்கும்; வெப்பத்தால் விரியும்; குளிரால் ஒடுங்கும். அதன் நீட்டல் விரிவுக் குணகம் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.00001 ஆகும். ஆகவே 5 மீற்றர் நீளமுள்ள பாளத்தின் வெப்பநிலை 20 பாகை மாறுமாயின், தடையின்றி அசையும் நிலையில் அதன் நீளம் 1 மில்லிமீற்றர் மாறும். இவ்வசைவுக்கு நாம் இடம் வகுத்துக் கொடாவிடின், பாளம் தானே ஓரிடத்தில் வெடித்து இடந்தேடிக்கொள்ளும்.

டவல் கோல் என்பது வழுவழுப்பான உருண்டை உருக்குக் கோல். அது பாளத் தடிப்பின் நடுவே, பாதி ஒரு பாளத்தினுள்ளும் பாதி மற்றதனுள்ளுமாகக் கிடக்கும். பாளங்கள் விலகவும் நெருங்கவும் அது இடங்கொடுக்கும். ஒன்று தாழ மற்றது தாழாது நிற்பதற்கு மட்டும் இடங்கொடாது. சக்கரம் விளிம்பை அடையும்போதே சுமையின் ஒரு பங்கு மறுபாளத்துக்குக் கடத்தப்படும். வரியோடிய பிணைப்புக் கம்பியோ இருபாளங்களையும் விலகவிடாது இறுகப் பற்றுவது. வீதியின் நீளப்பாட்டு மூட்டுகளுக்கு உரியது. ஒன்றன் இடத்தில் மற்றதை இடுதல் பெரும் பிழையாம். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலே, நியூபோட் நியூஸ் நகருக்கு அண்மையில் 1917-18 இல் அமைத்த வீதியொன்றில் டவல் கோல்கள் முதன்முதலாகக் கையாளப்பட்டன என்பர்.

இனி, கோல் வேண்டுமோ எனத் தீர்மானித்தற்கு மூன்று வினாக்கள் உதவும்.

முதலாவது: செல்லும் சுமை யாது? இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊரருகே 1958 முதல் 1960 வரை நிகழ்ந்த பெரும் வீதிச் சோதனையின் பயனாக, அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப வீதியின் சேதம் பெருகும் என்னும் விதி பிறந்தது. அதன்படி 10 தொன் அச்சு ஒருமுறை செல்லுதல், 1 தொன் அச்சு ஏறத்தாழப் பதினாயிரம் முறை செல்லுதற்கு ஒப்பாகும். எனவே மோட்டார் வண்டிகள் எத்தனை என எண்ணுவதினும், லொறிகள் எத்தனை என எண்ணுதலே தக்கது.

இரண்டாவது: கோலின்றியே சுமை கடக்குமோ? மேற்புறத்தை அறுத்து அமைத்த சுருக்க மூட்டின் கீழே வெடிப்பு ஒழுங்கின்றி ஓடும். அதன் இருமுகத்துச் சல்லிகளும் பற்கள்போற் கோத்து நின்று சுமையைக் கடத்தும். இடைவெளி 1 மில்லிமீற்றரை அணுகும்போது இப்பிடி பெரிதும் தளர்ந்துவிடும். ஆதலின், பாளங்கள் குறுகியனவாயும் சுமை சிறிதாயும் அடிநிலம் உறுதியாயும் இருப்பின் கோல் வேண்டியதில்லை. ஆயின் விரிவு மூட்டிலே சல்லிப் பிடியே இல்லை. ஆங்கே சுமை கடக்கவேண்டுமெனிற் கோல் இன்றியமையாதது.

மூன்றாவது: இருபாளங்களும் ஒருங்கே தாழ்ந்தெழ வேண்டியனவோ? கட்டடத் தூணையும் அதனைச் சூழ்ந்த தளத்தையும் பிரிக்கும் மூட்டு, ஒன்று மற்றதைப் பற்றாதிருத்தற்கே விடப்படுகின்றது. அங்குக் கோலிடுதல் மூட்டின் நோக்கத்தையே அழிப்பதாகும்.

அளவை நோக்குவாம். கோலின் விட்டம் பாளத் தடிப்பின் எட்டிலொன்று என்பது பழைய கைவிதி. 250 மில்லிமீற்றர்ப் பாளத்துக்கு 32 மில்லிமீற்றர் விட்டமும் 450 மில்லிமீற்றர் நீளமும் உடைய கோல்களை 300 மில்லிமீற்றருக்கு ஒன்றாக இடுதல் வழக்கம். ஏறக்குறைய 200 மில்லிமீற்றரிலும் மெல்லிய பாளங்களுக்குப் பொதுவாகக் கோலிடுவதில்லை. கோல்கள் யாவும் வீதியின் போக்குக்கும் மேற்பரப்புக்கும் சமாந்தரமாய் இருத்தல் வேண்டும். கொங்கிறீற்றுப் பற்றாதபடி கிறீஸ் முதலியன பூசப்படல் வேண்டும். சாய்ந்த கோல்கள் மூட்டைப் பூட்டிவிடும். பூட்டிய மூட்டுக்கு மாற்றாகப் பாளத்தின் நடுவே வெடிப்புத் தோன்றும். அத்தகைய கோலினும் கோலின்மையே நன்று.

இன்னுமொன்று. இலினோய்ச் சோதனையிலே கொங்கிறீற்றுப் பகுதிகளின் குறுக்கு மூட்டுகள் அனைத்திலும் டவல் கோல்கள் இருந்தன. ஆயினும் ஆங்குச் சில பகுதிகள் அழிந்தன. அவ்வழிவுக்கு முன்னோடியாய் நின்றது, பாளத்தின் அடியிலிருந்த மண் நீரோடு பீறிட்டு வெளியேறியமையே. அடியிற் பள்ளம் விழுந்தபின் உருக்குக் கோல் யாது செய்யும்?

எனவே மாணாக்கர் மனங்கொள்ளத்தக்கது இது: மக்கள் நடக்கும் 100 மில்லிமீற்றர்ப் பாதைக்குக் கோல் வேண்டா, நாள்தோறும் பாரவண்டி செல்லும் தடித்த பாளத்துக்கு வேண்டும். இவற்றுக்கு இடைப்பட்டதாயின், உருக்குக்குப் பணஞ் செலவிடுமுன் நீர் வடியும் வழியையும் அடிப்படுகையின் உறுதியையும் மூட்டுகளின் நெருக்கத்தையும் செம்மை செய்க. அதன் பின்னரும் ஐயம் நீங்காவிடின் கோலை இடுக. இடுவதாயின் நேராக இடுக.