வரவேற்பில் ஹோரா: அறிந்து ஆடுவோம்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில், வேற்று மொழியினர், வேற்று மதத்தினர் வீட்டில் சம்பந்தம் செய்வது இன்று அபூர்வமல்ல. முகூர்த்தத்தை எம்முறையில் நடத்துவது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிடுகிறார்கள். மாலை வரவேற்பில் சம்பந்தி வீட்டு வழக்கத்துக்கு இடம் ஒதுக்குவதைப் பற்றித்தான் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை.

என் தங்கை மகன் மணந்தது அமெரிக்காவில் பிறந்த யூதப் பெண்ணை. மும்பையில் வரவேற்பு நடத்தியபோது பெண் வீட்டார் விரும்பிக் கேட்டது ஒன்றுதான்: கால் மணி நேரம் 'ஹோரா' ஆட வேண்டும். "மேடைக்கு முன்னால் கூத்தாட்டமா?" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் தயங்கினர். அதற்காக நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

யூத மரபில் மணமக்களை மகிழ்விப்பது வந்தவர்களின் கடமை. மணப்பெண்ணின் முன் எவ்வாறு ஆடுவது என்ற கேள்வியே தால்முத் நூலின் கெத்துபோத் பகுதியில் விவாதிக்கப்படுகிறது. முதிய அறிஞர் ஒருவர் நறுமணச் செடியின் கிளைகளைக் கையில் ஏந்தி மணப்பெண் முன் ஆடுவார் என்றும், அது தங்களுக்கு இழுக்கு என்று இன்னொரு அறிஞர் குறைபட்டார் என்றும் அதில் உள்ளது. அம்முதியவர் மறைந்தபோது நெருப்புத் தூண் தோன்றி அவர் பெருமையைக் காட்டியதாம். தயங்கிய நம் பெரியவர்களுக்கு நான் சொன்னது இக்கதையைத்தான்.

ஹோரா என்ற பெயரும் வட்ட ஆட்டமும் ருமேனியா, பால்கன் நாடுகளுக்கு உரியவை. அங்கிருந்து பாலஸ்தீனத்தில் குடியேறிய யூதர்கள் தம்மோடு அதைக் கொண்டு சென்றனர். பாரூக் அகதாதி என்ற கலைஞர் 1924இல் அதை மேடை நடனமாக அமைத்தார். இதற்குப் பெரிதும் இசைக்கப்படும் 'ஹவா நகிலா'வின் மெட்டு, கிழக்கு ஐரோப்பாவின் சதிகோரா ஊர் ஹசீதியர்களிடம் சொற்கள் இல்லாமல் வழங்கியது. இசை ஆய்வாளர் ஆபிரகாம் இடெல்சோன் அதை எழுதி வைத்தார். எபிரேயச் சொற்கள் பின்னர் சேர்ந்தன. ஆக, இதுவும் குடிபெயர்ந்தவர்கள் சுமந்து வந்த கலைதான்!

ஆடும் முறை எளிது. வட்டத்தின் உள்பக்கம் பார்த்துக் கை கோத்து நில்லுங்கள். இடக்காலை இடப்பக்கம் வையுங்கள். வலக்காலை அதன் பின்னால் வையுங்கள். மீண்டும் இடக்காலை இடப்பக்கம் வைத்து, வலக்காலைச் சற்றே முன்னால் வீசுங்கள். பிறகு வலக்காலை ஊன்றி இடக்காலை வீசுங்கள். இவ்வளவுதான். வட்டம் இடப்பக்கமாக நகரும். கூட்டம் மிகுந்தால் உள்ளே இன்னொரு வட்டம் அமைக்கலாம்.

நடுவில் மணமக்களை நாற்காலியோடு தூக்குவார்கள். இருவரும் ஒரு கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடித்துக்கொள்வார்கள். நம்மில் சில குடும்பங்களில் மாலை மாற்றும்போது மாமன்மார் தோளில் தூக்குவதை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

ஏற்பாடு செய்வோர் கவனிக்க:

1. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கனமான மர நாற்காலியாக, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு திடமான ஆட்கள் வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறியோ சரவிளக்கோ இல்லாத இடமாகப் பாருங்கள்.

2. வெள்ளி மாலை முதல் சனி இருட்டும்வரை யூதர்களின் ஓய்வு நாள். அப்போது வரவேற்பு வைக்காதீர்கள்.

3. ஆசாரமான குடும்பங்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனி வட்டமாக ஆடுவார்கள். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. யூதர் எல்லோருக்கும் ஒரே வழக்கம் அல்ல. மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் குடும்பங்களில் திருமணத்துக்கு முன் மருதாணி இடும் சடங்கு உண்டு. அவல், தேங்காய், பழங்கள் வைத்து நன்றி செலுத்தும் 'மலீதா'வும் உண்டு. ஹோராதான் வேண்டும் என்று நாமாக முடிவு செய்யாமல், "உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேட்பதே மரியாதை.

5. பந்திக்கு முன் ஆடினால் வயிறும் லேசாக இருக்கும், ஆட்களும் கலைந்திருக்க மாட்டார்கள்.

ஆட முடியாத பெரியவர்கள் சுற்றி நின்று கை தட்டினாலும் கடமை நிறைவேறியதாகவே கொள்வார்கள். சம்பந்தி வீட்டார் தனியே ஆட, நாம் நாற்காலியில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பது மட்டும் கூடாது. அந்த வட்டத்தில் நம் கை ஒன்றாவது கோத்திருக்க வேண்டும்; புதிதாக நம் வீட்டுக்கு வரும் பெண் அதைத்தான் கவனிப்பாள்.