குத்தகை நிலத்துல புல்லு வளர்த்தா, செலவு யாரோடது?

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நிலம் அரசாங்கத்தோடது. ஒரு கிளப் அதைக் குத்தகைக்கு எடுத்து கோல்ஃப் மைதானமா வெச்சிருக்கு. மழை வந்தா தண்ணி தேங்குது, வடிகால் போட 1 கோடி ஆகும். யார் போடணும்?

"விளையாடறவன் போடட்டும்"னு சொல்லத் தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா நம்ம இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் பேப்பர்ல படிச்ச கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. அந்த வடிகால் 20 வருஷம் உழைக்கும்னு வெச்சுக்குவோம். குத்தகையில இன்னும் 20 வருஷம் பாக்கி இருந்தா, வட்டியை விட்டுட்டுப் பார்த்தா வருஷத்துக்கு 5 லட்சம். 4 வருஷம்தான் பாக்கின்னா, அதே வடிகாலுக்கு வருஷத்துக்கு 25 லட்சம். மீதி 16 வருஷப் பலன், அதாவது 80 லட்சம், நில ஓனருக்கு இலவசமாப் போகும். எந்த கிளப்பும் போடாது. ஓனரும் "நான் ஏன் போடணும், நீதானே அனுபவிக்கிற"ன்னு உட்கார்ந்திருப்பார். தண்ணி மட்டும் தேங்கிக்கிட்டே இருக்கும்.

சட்டம் என்ன சொல்லுது? 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108. பத்திரத்துல வேற மாதிரி எழுதலைன்னா இதுதான் பொதுவான விதி. வாங்கினப்போ இருந்த நிலையிலேயே இடத்தைத் திருப்பித் தரணும், சாதாரணத் தேய்மானம் போக. ஓனர் சம்மதம் இல்லாம நிரந்தரக் கட்டடம் கட்டக்கூடாது, விவசாயத்துக்குன்னா மட்டும் விலக்கு. நீங்க பொருத்தினதை, இடம் உங்க கையில இருக்கிற வரைக்கும் கழட்டி எடுத்துட்டுப் போகலாம், ஆனா நிலத்தைப் பழையபடி விட்டுட்டுப் போகணும். ஓனர் செய்ய வேண்டிய ரிப்பேரை அவர் செய்யலைன்னா, நோட்டீஸ் கொடுத்துட்டு நீங்களே செஞ்சு வாடகையில கழிச்சுக்கலாம்.

இதுல மூணாவதைக் கவனிங்க. டீக்கடைக்கு இது சரியா வரும். ஷட்டர், ஃபேன், மேஜை எல்லாத்தையும் கழட்டிடலாம். கோல்ஃப் மைதானத்துல? புல் வெட்டுற மெஷினை எடுத்துட்டுப் போகலாம். மேடு பள்ளம் சமன் பண்ணின மண்ணை எப்படி எடுத்துட்டுப் போறது? புதைச்ச பைப்பைத் தோண்டினா, அந்தக் குழியை மூடுற செலவு பைப்போட பழைய விலையை விட அதிகமாயிடும். அதனால உரிமை காகிதத்துல இருக்கு, பணம் மண்ணுக்குள்ள இருக்கு. "நல்லெண்ணத்தோட மேம்படுத்தினேன், நஷ்டஈடு கொடு"ன்னு பிரிவு 51-ஐக் காட்டலாமான்னா, அது தான்தான் முழு உரிமையாளர்னு நம்பிச் செலவு பண்ணினவருக்கு. குத்தகைக்காரருக்கு அந்த நம்பிக்கை இருக்கவே முடியாது.

இப்போ நம்ம மாநிலக் கதை. கிண்டி ரேஸ் கோர்ஸ். மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 160.86 ஏக்கர் அரசு நிலம், 1945 ஏப்ரல் 1 முதல் 99 வருஷக் குத்தகை, 1946-ல் பத்திரம். வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா. ஏக்கருக்கு 4 ரூபாய்கூட வரலை! அந்த ரேஸ் டிராக்குக்கு நடுவுலதான் ஜிம்கானா கிளப்போட கோல்ஃப் மைதானம். அதாவது குத்தகை நிலத்துக்குள்ள இன்னொரு கிளப்.

வாடகையை ஏத்தலாம்னு பத்திரத்துல எழுதலைங்கறது கிளப்போட வாதம். 1970-லிருந்து ஏத்தின வாடகையைக் கேட்டது அரசு. பாக்கி மட்டும் 730.86 கோடி ரூபாய்னு கணக்கு வந்தது. கட்டச் சொல்லி 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து பண்ணி இடத்துக்கு சீல் வெச்சது.

பத்திரப்படி அது 2044 வரைக்கும் ஓட வேண்டியது. கிட்டத்தட்ட 20 வருஷம் மிச்சம். மேல போட்ட கணக்குல "20 வருஷம் இருந்தா தாராளமாச் செலவு பண்ணலாம்"னுதானே வந்தது? வருஷம் மட்டும் போதாதுன்னு இங்க தெரியுது. வாடகை எப்படி ஏறும், முன்னாடியே முடிஞ்சா மிச்ச மதிப்பை யார் கொடுப்பாங்கன்னு எழுதாம விட்டா, 99 வருஷமும் ஒண்ணுதான், 9 வருஷமும் ஒண்ணுதான். என் கருத்துல இதுல மக்களுக்குத்தான் ரெட்டை நஷ்டம். பல வருஷம் வாடகையும் வரலை, உள்ள நடந்த மேம்பாட்டை வெளி ஆளுங்க மிதிக்கவும் முடியலை. பிறகு அங்க வெள்ளத்தைத் தாங்கக் குளம் வெட்டினாங்க, வேளச்சேரி பக்கம் தண்ணி நிக்கறதைக் குறைக்க. அந்தச் செலவு நம்ம வரிப்பணம்.

வேற வழி இருக்கான்னா, இருக்கு. அமெரிக்காவுல வாஷிங்டன் நகரத்தோட மூணு பொது கோல்ஃப் மைதானங்களை 2020-ல் 50 வருஷக் குத்தகைக்கு ஒரு லாப நோக்கமில்லாத அமைப்புக்குக் கொடுத்தாங்க. புதுப்பிக்கிற பொறுப்பு அதோடதா இருந்தது. போட்ட காசு திரும்ப வர நேரம் வேணும், அதுக்குத்தான் அவ்வளவு நீளம். இன்னொரு வழி, செலவை ரசீதோட காட்டி வாடகையில கழிக்கறது. ஆனா எதைக் கழிக்கலாம்னு முதல்லயே பட்டியல் போடணும், இல்லைன்னா கிளப் ஹாலுக்கு ஏசி மாட்டிட்டு அதையும் மேம்பாடும்பாங்க.

நம்ம திருத்தணிக்கு வருவோம். இங்க கோல்ஃப் இல்லை, ஆனா குத்தகை நிறைய. கோயில் சொத்தை 5 வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விடணும்னா, 1959-ம் வருஷத்து அறநிலையத்துறைச் சட்டம் பிரிவு 34-படி ஆணையர் அனுமதி வேணும், இல்லைன்னா செல்லாது. சொத்து கைமாறிப் போகாம இருக்க வெச்ச பாதுகாப்பு அது, நியாயமானதுதான். ஆனா 5 வருஷத்துக்குள்ள முடியற குத்தகைன்னா, போட்டவர் என்ன போடுவார்? கான்கிரீட் தளம் போட மாட்டார். ஆடிக் கிருத்திகைக்கு வர்றப்போ கடைங்களைப் பாருங்க. தகரக் கூரை, மடக்கு மேஜை, கயிறு கட்டின தார்ப்பாய், எதைத் தூக்கிட்டுப் போகலாமோ அதெல்லாம்.