கொட்டகையும் மாளிகையும்: தமிழகத் திரையரங்குகளின் கட்டடக்கலை

தமிழர் கட்டடக்கலை பற்றி எழுதப்புகுவோர் கோயிலை எழுதுவர். கோட்டையையும் பள்ளிவாசலையும் எழுதுவர். திரையரங்கை எழுதுவோர் மிகச் சிலரே. இருபதாம் நூற்றாண்டில் பல சாதியாரும் பல சமயத்தாரும் சீட்டு ஒன்றையே தகுதியாகக் கொண்டு ஒரே கூரையின்கீழ்க் கூடிய இடம் அது. ஆதலின் அதன் அமைப்பை ஆராய்தல் தமிழ் மாணவர்க்கும் உரியதே என்று கருதுகிறோம்.

மரக்காணம் போன்ற உப்பளக் கரையூர்களின் திரையரங்கு, டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட கீற்றுக் கொட்டகையே. உரிமம் குறித்த காலத்துக்கே கிடைத்தமையால் நிலையான கட்டடம் எழுப்புதல் இயலாது. எனினும், இரும்பையே அரித்துவிடும் உப்புக்காற்றில், பிரித்து மாற்றத்தக்க மூங்கிலும் கீற்றும் ஏழ்மையின் அடையாளம் மட்டுமல்ல. இடமறிந்த கட்டுமானமும் ஆகும். திரைக்கு அருகே மணலில் அமர்வோர்க்குத் தரைச்சீட்டு, அதன்பின் பெஞ்சு, கடைசியில் நாற்காலி.

திருச்சியில் இரயில்வே ஊழியராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி ஊர்தோறும் கொட்டகையிட்டுப் படம் காட்டினார். அவரே 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை அமைத்தார். ஆகவே, கொட்டகையையும் மாளிகையையும் இருவேறு மரபாகப் பிரித்தல் பொருந்தாது.

மாளிகையின் வடிவை முதலில் வகுத்தது அழகுணர்ச்சியன்று, தீயச்சமே. அக்காலத்து நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. எனவே கருவியறை தடித்த சுவர்களுடன் தனித்து நின்றது. ஒளி செல்லும் சிறு துளைக்கு இரும்பு மூடி இடப்பட்டது. முகமண்டபமும் அகன்ற படிக்கட்டும் பால்கனியும் அதன்மேல் வளர்ந்தவை. 1952-இல் ‘பராசக்தி’யுடன் திறக்கப்பெற்ற மதுரைத் தங்கம் திரையரங்கில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. அத்துணைப் பெரிய மாளிகைகள் வந்தபின்னும் கொட்டகையின் வரிசைமுறை மாறவில்லை. அவையில் முன்வரிசை பெருமைக்குரியது. திரையரங்கிலோ முன்வரிசையே கடைவரிசை! பல அரங்குகளில் பால்கனிக்குத் தனிப்படிக்கட்டு உண்டு. கூரை ஒன்றாயினும் வாயில் ஒன்றன்று.

இவற்றுள் எஞ்சியவை எவை? தங்கம் இடிக்கப்பட்டது. 1964-இல் ஒரே வளாகத்துள் மூன்று அரங்குகளைக் கொண்டு சென்னையில் எழுந்த சபையர் இன்றில்லை. 1961-இல் தொடங்கிய சாந்தியும் இல்லை. ஆனால் 1913-இல் வார்விக் மேஜர் அண்ணா சாலையில் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் நிற்கிறது. சில ஆண்டுகளிலேயே அஞ்சல்துறை அதனை வாங்கிக்கொண்டதே காரணம்; பின்னாளில் அது அஞ்சல்தலைச் சேகரிப்பு நிலையமாயிற்று. படம் காட்டுவதை நிறுத்திய அரங்கு பிழைத்தது. இறுதிவரை காட்டியவை அழிந்தன. மும்பையிலோ ரீகல், ஈராஸ் ஆகிய இரண்டும் 2018-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பகுதிக்குள் அமைந்தன. நம் அரங்குகள் அழகில் குறைந்தவை என்று நாம் கருதவில்லை. ஆவணத்தில் குறைந்தவை.

மரக்காணம் பூமீசுவரர் கோயிலின் சோழர் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டமையாலேயே இவ்வூரின் பழமையைப் பேசுகிறோம். கீற்றுக்கொட்டகைக்குக் கல்வெட்டு இல்லை. அங்கே தரையில் அமர்ந்து படம் பார்த்த உப்பளத் தொழிலாளரின் நினைவே சான்று. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் அவர்களிடம் கேட்டு எழுதலாம்: கொட்டகை எத்திசை நோக்கியிருந்தது, பெண்கள் எப்பக்கம் அமர்ந்தனர், மழை தொடங்கியதும் கீற்றும் கருவியும் எங்கே சென்றன.