கிட்டங்கிச் சீட்டும் பங்குக் கூடையும்

புதிதாகப் பங்கில் முதல் போடும் வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



வியாபாரம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்து மலாக்காவில் விற்றவர்கள் நம் முன்னோர். சரக்கைப் பார்த்து வாங்கவும், விலை பேசவும், கணக்கு எழுதவும் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் கடைச் செலவும் வீட்டுச் செலவும் போக மிஞ்சுகின்ற பணத்தை என்ன செய்வது என்ற இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறோம். பாங்கில் தவணை வைப்பாகப் போட்டால் வட்டி. அது நமக்கு ஆகாது. நிலம் வாங்கப் பெருந்தொகை வேண்டும். கூட்டுச் சீட்டு நடத்துவதை 1971-ம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது. இந்நிலையில் கடைப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் "இ.டி.எப். வாங்கலாமே" என்று சொல்லும்போது, அது என்ன சரக்கு என்று தெரியாமல் சரி என்பதும் தவறு, தெரியாமலே தள்ளிவிடுவதும் தவறு. ஆகவே இந்தப் பாடம்.

1. இ.டி.எப். என்றால் என்ன?

எக்ஸ்சேஞ்ச் டிரேடட் பண்ட் என்பதன் சுருக்கம் இ.டி.எப். பங்குச் சந்தையில் கைமாறும் பொது நிதி என்று பொருள். நாணயமாற்று வியாபாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினால் அந்தக் கம்பெனியின் லாப நஷ்டத்தில் மட்டும் நமக்குப் பாகம். இ.டி.எப். அப்படியல்ல. இருபத்தைந்து, முப்பது கம்பெனிகளின் பங்குகளை ஒரு கூடையில் போட்டு, அந்தக் கூடையைச் சிறு சிறு யூனிட்டுகளாகப் பிரித்து விற்கிறார்கள். ஒரு யூனிட் வாங்கினவருக்கு அத்தனை கம்பெனியிலும் துளித்துளி பாகம் உண்டு.

கூடையில் எதைப் போடுவது என்பதைப் பெரும்பாலும் நிதியை நடத்துகிறவர் தம் இஷ்டம்போல் தீர்மானிப்பதில்லை. குறியீட்டெண் என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்தெந்தக் கம்பெனி, எவ்வளவு பங்கு என்று அது விதித்திருக்கும். அந்தப் பட்டியல் எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே கூடையின் மதிப்பும் ஏறி இறங்கும்.

2. இந்த யோசனை எங்கே பிறந்தது?

பட்டியலைப் பின்பற்றி நடக்கும் நிதியைப் பொதுமக்களுக்காக 1976-ல் அமெரிக்காவில் தொடங்கியவர் ஜான் போகிள். அதைச் சந்தையில் பங்குபோலவே விற்று வாங்கும் முறை 1990-ல் கனடா நாட்டின் டொராண்டோவில் வந்தது. 1993 ஜனவரியில் அமெரிக்காவிலும் ஒன்று வெளிவந்தது. அதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் நேதன் மோஸ்ட்.

இந்த நேதன் மோஸ்ட் தாவர எண்ணெய் வியாபாரத்தில் பழகியவர். எண்ணெய் கிட்டங்கியில் இருக்கும். அதற்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். விற்கிறவர் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. சீட்டைக் கொடுத்தால் சரக்கும் கைமாறிவிடும். பங்குகளையும் இப்படியே ஓரிடத்தில் வைத்துவிட்டு, சீட்டை மட்டும் கைமாற்றினால் என்ன என்று அவர் எண்ணினார். அந்தச் சீட்டுத்தான் இன்றைய இ.டி.எப். யூனிட்.

கிட்டங்கி நமக்குப் பழகிய இடம். சீட்டை வாங்குமுன் நாம் மூன்று கேள்வி கேட்போம். உள்ளே என்ன சரக்கு? சாவி யாரிடம்? சீட்டில் கண்ட விலை சரக்குக்குத் தகுமா? இ.டி.எப். வாங்குகிறவரும் இதே மூன்று கேள்வியைக் கேட்டால் போதும்.

3. கூடையினால் வரும் நன்மை

நம் மாநிலத்தில் 1896-ல் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். இந்நாட்டு வியாபார ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே முதல் என்பார்கள். பிறகு ரப்பர்க் கம்பெனிப் பங்குகளுக்கு உலகமே அலைந்தது. 1910-ல் வானத்தில் ஏறின ரப்பர் விலை 1932-ல் தரையில் கிடந்தது. ரப்பரை மட்டுமே நம்பினவர்களும், தோட்டத்து வாசலில் கடை வைத்து ரப்பர்ச் சம்பளத்தை நம்பினவர்களும் சேர்ந்தே கஷ்டப்பட்டார்கள்.

ஒரே சரக்கை நம்பிக் கடை நடத்தலாகாது என்பது நமக்குத் தெரிந்த நியாயம். அரிசி விற்காத நாளில் எண்ணெய் விற்கும். கூடையின் நன்மையும் அதுதான். ஒரு கம்பெனி மூழ்கினாலும் கூடை முழுவதும் மூழ்கிவிடாது. எந்தக் கம்பெனி நல்லது என்று தேடித் திரிய நேரமில்லாத கடைக்காரருக்கு இது பெரிய சகாயம்.

இரண்டாவது நன்மை சாவியைப் பற்றியது. 1986-ல் இந்நாட்டில் 24 வைப்புக் கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கையை அரசாங்கம் நிறுத்திவைத்தது. பணம் போட்ட ஏழை எளியவர் பலர் காத்துக் கிடந்தார்கள். பணத்தை வாங்கினவர் கையிலேயே பணம் இருந்ததுதான் அங்கே ஆபத்து. இ.டி.எப்.பில் நிதியை நடத்துகிறவர் ஒருவர். கூடையின் சொத்துக்குப் பொறுப்பான டிரஸ்டி வேறொருவர். நடத்துகிற கம்பெனி நொடித்துப்போனாலும் கூடையிலுள்ள பங்குகள் அதன் கடனுக்குப் போவதில்லை.

4. கூடை காப்பாற்றாத இடம்

இதைச் சிரத்தையாகப் படிக்க வேண்டுகிறேன். ஒரு கம்பெனி விழுந்தால் கூடை காப்பாற்றும். சந்தையே விழுந்தால் காப்பாற்றாது.

கோலாலம்பூர்ப் பங்குச் சந்தையின் முக்கியக் குறியீட்டெண் 2007-ம் ஆண்டு முடிவில் 1,445 ஆக இருந்தது. 2008-ம் ஆண்டு முடிவில் 876 ஆயிற்று. அந்தப் பட்டியலை ஒட்டி 10,000 வெள்ளி போட்டவர் கணக்கில், லாப ஈவும் செலவும் நீங்கலாக, ஏறத்தாழ 6,070 வெள்ளிதான் மிச்சம். 2009 முடிவில் குறியீட்டெண் 1,272; 2010 முடிவில் 1,518. அப்போது அதே பணம் 10,500 வெள்ளி ஆகியிருக்கும்.

இரண்டு வியாபாரிகளை நினைத்துப் பாருங்கள். ஒருவர், மிஞ்சின பணத்தைப் போட்டார். மூன்று வருஷம் அதைத் தொடவில்லை. போட்ட முதலும் சற்று அதிகமும் கண்டார். மற்றவர், நோன்புப் பெருநாள் சரக்குக்காக வைத்திருந்த பணத்தைப் போட்டார். சரக்குக்காரர் கடன் கேட்டு வந்தபோது, 2008 முடிவில் விற்க வேண்டியதாயிற்று. 3,900 வெள்ளிக்கு மேல் போய்விட்டது. இருவரும் வாங்கினது ஒரே கூடை. ஒருவருடைய பணத்தால் காத்திருக்க முடிந்தது. மற்றவருடைய பணத்தால் முடியவில்லை. ஆகவே கடையின் சுழல்முதல் இதற்கு ஆகாது. மகள் திருமணத்துக்கென்று அடுத்த வருஷம் வேண்டிய பணமும் ஆகாது. கடன் வாங்கிப் போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

மூன்றே வருஷத்தில் எப்போதும் திரும்பிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல இயலாது என்பதையும் மனத்தில் வைக்கவும்.

முன் சொன்ன நேதன் மோஸ்ட் தம் யோசனையை ஜான் போகிளிடம் கொண்டுபோனபோது அவர் சேர மறுத்தார். நாள் முழுதும் விற்கலாம், வாங்கலாம் என்று வந்துவிட்டால் மக்கள் சும்மா இருக்கமாட்டார்கள், அடிக்கடி கைமாற்றி நஷ்டப்படுவார்கள் என்பது அவர் கவலை. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. கடைத் திண்ணையில் கைப்பேசியைப் பார்த்தபடி மணிக்கொரு முறை வாங்கி விற்கிறவருக்குக் கூடையின் நன்மை கிட்டாது, தரகருக்குத்தான் வருமானம்.

5. ஹலாலா என்று எப்படிப் பார்ப்பது?

எல்லா இ.டி.எப்.பும் நமக்கு ஆகுமானதல்ல. உதாரணமாக, கோலாலம்பூர்ச் சந்தையின் முப்பது பெரிய கம்பெனிகளைப் பின்பற்றும் நிதி ஒன்று 2007-ல் வந்தது. அந்த முப்பதில் மே பேங்க், பப்ளிக் பேங்க் முதலிய வட்டித் தொழில் பாங்குகள் உண்டு. ஆகவே அது ஷரியாவுக்கு ஒத்த கூடையாகாது.

2008 ஜனவரியில் டவ் ஜோன்ஸ் நிறுவனத்தின் இஸ்லாமியப் பட்டியலை ஒட்டி, 25 மலேசியக் கம்பெனிகளைக் கொண்ட ஷரியா இ.டி.எப். கோலாலம்பூரில் வந்தது. இந்நாட்டில் அவ்வகையில் அதுவே முதல். 2017 டிசம்பரில் தங்கத்தைப் பின்பற்றும் ஷரியா இ.டி.எப். ஒன்றும் வந்தது. அதில் யூனிட்டுக்கு ஈடாக மெய்யான தங்கம் பெட்டகத்தில் இருக்கும். நிதிகளின் பெயர் மாறுவதுண்டு, சில மூடப்படுவதும் உண்டு. ஆதலின் வாங்கும் நாளில் புர்சா மலேசியாவின் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தனிக் கம்பெனிகளைப் பொறுத்தவரை, பத்திர ஆணையத்தின் ஷரியா ஆலோசனைச் சபை ஆண்டுதோறும் மே மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் பட்டியல் வெளியிடுகிறது. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த முறை இது: வட்டி பாங்கு, சூது, மது, பன்றி போன்றவற்றிலிருந்து வரும் வருமானம் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். வேறு சில தொழில்களுக்கு 20 விழுக்காடு எல்லை. வட்டிக் கடன், வட்டிக் கணக்கிலுள்ள ரொக்கம் இவை ஒவ்வொன்றும் மொத்தச் சொத்தில் 33 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

நல்லதென்று சேர்த்த கம்பெனி பிறகு பட்டியலிலிருந்து நீங்கினால் ஷரியா நிதி அதை விற்றாக வேண்டும். ஆகாத வழியில் வந்த துளியைத் தருமத்துக்குக் கழித்துவிட வேண்டும். இதை எப்படிச் செய்கிறார்கள் என்பது நிதியின் விளக்கப் புத்தகத்தில் இருக்கும். யூனிட்டுக்குரிய ஜகாத் கணக்கை நம் ஆலிம்களிடமோ, மாநில ஜகாத் அலுவலகத்திலோ கேட்டுத் தெளிவது கடமை.

6. விலையும் செலவும்

சரக்கின் மதிப்பு வேறு, சந்தை விலை வேறு. கூடையிலுள்ள பங்குகளை எண்ணிக் கணக்கிட்டால் யூனிட் ஒன்றுக்கு 1 வெள்ளி 20 காசு வருகிறது என்போம். சந்தையில் விற்கிறவர் 1 வெள்ளி 26 காசு கேட்டால் நாம் 5 விழுக்காடு அதிகம் கொடுக்கிறோம். நிதிக் கம்பெனி யூனிட்டின் சொத்து மதிப்பை நாள்தோறும் வெளியிடும். அதைப் பார்க்காமல் விலை பேசலாகாது.

கோலாலம்பூரில் சில இ.டி.எப்.களுக்கு வாங்குவோர் விற்போர் குறைவு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே பள்ளம் பெரிதாக இருக்கும். அப்படிப்பட்டவற்றில் "எந்த விலைக்கும் வாங்கு" என்று சொல்லாமல், "இன்ன விலைக்குமேல் வேண்டாம்" என்று வரம்பு கட்டி உத்தரவு கொடுக்க வேண்டும்.

தரகுக் கூலிக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைப்பதுண்டு. அது 10 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 200 வெள்ளிக்கு வாங்குகிறவருக்கு 5 விழுக்காடு செலவு. 2,000 வெள்ளிக்கு வாங்குகிறவருக்கு அரை விழுக்காடுதான். ஆகவே மாதம் 200 சேர்ப்பவர், பத்து மாதம் சேர்த்து ஒரே முறையாக வாங்குவது மேல்.

ஆண்டுக் கட்டணமும் உண்டு. 10,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு அரை விழுக்காடு என்றால் 50 வெள்ளி. பத்து வருஷத்தில் 500. இன்னொரு நிதி முதலில் 5 விழுக்காடும் பிறகு ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடும் எடுத்தால், பத்து வருஷத்தில் ஏறத்தாழ 1,925 வெள்ளி போய்விடும். இவை வளர்ச்சியைச் சேர்க்காத கணக்கு. லாபம் வருமா என்பது நம் கையில் இல்லை. செலவைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

7. வாங்கும் முறை

உரிமம் பெற்ற பங்குத் தரகரிடம் சி.டி.எஸ். கணக்கும் வியாபாரக் கணக்கும் திறக்க வேண்டும். இஸ்லாமிய முறைப்படி தரகு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு லாட் என்பது வழக்கமாக 100 யூனிட். சந்தை காலை 9 மணிக்குத் திறந்து 12.30-க்கு மூடும், பிறகு 2.30-க்குத் திறக்கும். ஜும்ஆ தொழுகைக்கு இடையூறில்லை. விற்றால் இரண்டு வேலை நாள் கழித்துப் பணம் வரும்.

"மாதம் இத்தனை விழுக்காடு நிச்சயம்" என்று சொல்லிக் கடைக்கு வருகிறவர் எந்தப் பெயர் சொன்னாலும் அது இ.டி.எப். அல்ல. பத்திர ஆணையம் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவும். குறியீட்டெண்ணைப்போல் இருமடங்கு ஏறும், எதிர்த்திசையில் ஓடும் என்ற வகைகளும் உலகச் சந்தைகளில் உண்டு. புதியவர் அவற்றின் பக்கம் போகவேண்டாம்.

நினைவில் வைக்க வேண்டியவை

கூடைக்குள் என்ன சரக்கு, அது ஹலாலா என்று பார்க்கவும். டிரஸ்டி யார் என்று பார்க்கவும். சந்தை விலையைச் சொத்து மதிப்போடு ஒப்பிடவும். செலவைக் கூட்டிப் பார்க்கவும். எல்லாவற்றுக்கும் மேலாக, பல வருஷம் தேவைப்படாத பணத்தை மட்டும் போடவும்.

கடைதான் நம் முதல் தொழில். அதன் முதலைக் கலைக்காமல், மிஞ்சினதை நிதானமாக ஆகுமான வழியில் சேர்த்து வைப்பதற்கே இ.டி.எப். நம் முயற்சிகளில் எல்லாம் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக.