பட்டியலில் இல்லாத பெயர்கள்

அயர்லாந்தின் ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். கபடியும் கோ-கோவும் ஆடி வளர்ந்த எனக்கு, ஹர்லிங் விளையாட்டை இங்குள்ள மாணவர்களே கற்றுக்கொடுத்தார்கள். பள்ளி நேரம் முடிந்ததும், எங்கள் கவுண்டியின் 14 வயதுக்குட்பட்டோர் அணிக்கு உதவிப் பயிற்றுநராகவும் இருக்கிறேன். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது.

ஹர்லிங்கில் அணிக்கு 15 பேர். ஆஷ் மரத்தால் செய்த தட்டையான மட்டையால் சிறிய தோல் பந்தை அடிக்க வேண்டும். குறுக்குக் கம்பத்துக்கு மேலே சென்றால் ஒரு புள்ளி; கீழே வலைக்குள் சென்றால் ஒரு கோல், அதாவது மூன்று புள்ளிகள். 1884இல் தொடங்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம் இவ்விளையாட்டை நடத்துகிறது. உயர்நிலை வீரர்களும்கூட ஊதியம் பெறாமலே ஆடுகிறார்கள். ஊர்ச் சங்கங்களின் பயிற்றுநர்களில் ஆசிரியர்கள் பலர்.

முதல் ஆண்டு நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரே ஒரு சனிக்கிழமை தேர்வு வைத்தோம். அன்று மாலையே தேர்வானவர்களின் பட்டியலைக் கைபேசிக் குழுவில் அனுப்பிவிட்டோம். என் வகுப்பு மாணவன் ஒருவன் பெயர் அதில் இல்லை. தினமும் மட்டையோடு பள்ளிக்கு வருபவன், திங்கட்கிழமை வெறுங்கையோடு வந்தான். அடுத்த வாரமும் அப்படியே வந்தான்.

மனம் கேட்காமல் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இங்கு வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. தேர்வானவர்களில் பெரும்பாலோர் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள். அவன் டிசம்பரில் பிறந்தவன். ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. அந்த வயதில் உயரத்திலும் வலுவிலும் அது நன்றாகவே தெரியும். திறமை என்று நாங்கள் எண்ணியதில் பாதி, வளர்ச்சிதான்.

மறு ஆண்டு முறையை மாற்றினோம்.

1. தேர்வை மூன்று வாரங்களுக்குப் பரப்பினோம். ஒருநாள் காய்ச்சலோ பதற்றமோ ஒரு மாணவனின் வாய்ப்பைப் பறிக்கக் கூடாது.
2. பந்தைப் பிடித்தல், இடம் வலம் இருபக்கமும் அடித்தல், எதிராளியின் மட்டையைத் தன் மட்டையால் தடுத்தல், யாருக்குப் பந்தைக் கொடுப்பது என முடிவெடுத்தல் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்தோம். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதினோம்.
3. பள்ளி, ஊர்ச் சங்கம், கவுண்டி ஆகிய மூன்றும் ஒரே பிள்ளையை அழைக்கும். எனவே மூவரும் பேசி, ஒரே வாரக் கால அட்டவணை போட்டு, ஓய்வு நாளையும் அதில் சேர்த்தோம்.
4. தேர்வாகாதவர்களிடம் நேரில் பேசினோம். நன்றாகச் செய்தது எது, பயிற்சி தேவைப்படுவது எது, அடுத்த வாய்ப்பு எப்போது என்ற மூன்றையும் ஒவ்வொருவருக்கும் சொன்னோம்.

அந்த மாணவனிடமும் பேசினேன். "உன் கை நன்றாக இருக்கிறது, உடல் பின்னால் வரும். தவறு என்னுடையது" என்றேன். பதில் சொல்லவில்லை. சில நாள் கழித்து, பள்ளிச் சுவரில் பந்து மோதும் ஓசை கேட்டது. மறு ஆண்டும் கவுண்டி அணியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் தன் ஊர் அணிக்கு இன்றும் ஆடுகிறான்.

கபடியோ, தடகளமோ, வினாடி வினாவோ, நாம் எல்லோருமே பட்டியல் போடுகிறவர்கள்தாம். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன், அதில் இல்லாத பெயர்களையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.