இதயத்துக்குப் போகும் நரம்புகள்

அன்புள்ள கண்ணம்மா,

தாத்தாவுக்குக் கை நடுக்கம்தானே, நாற்காலியை விட்டு எழுந்ததும் ஏன் கண் இருட்டுகிறது என்கிறார் என்று கேட்டு எழுதியிருந்தாய். வீட்டில் எல்லோரும் ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பதிலோடு நீ நின்றுவிடாதது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உன் உயிரியல் புத்தகத்தில் இருக்கும் பரிவு நரம்பு மண்டலத்தை வைத்தே இதை விளக்கலாம்.

நரம்பு எதுவும் இல்லாமலேயே இதயம் துடிக்கும். 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு ஒருவருடைய இதயத்தை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தினார். ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்தார், நரம்புகளை இணைக்கவில்லை. ஆனாலும் அது துடித்தது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணு இதயத்துக்குள்ளேயே இருப்பதுதான் காரணம். நரம்புகளின் வேலை, நேரத்துக்கு ஏற்றபடி வேகத்தையும் விசையையும் மாற்றுவது. வேகஸ் நரம்பு வேகத்தைக் குறைக்கும். பரிவு நரம்புகள் தங்கள் நுனிகளில் நார்அட்ரினலினைச் சுரந்து முடுக்கும்.

நாம் எழுந்து நிற்கும்போதெல்லாம் அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் உடனே முகுளத்துக்குச் சொல்கின்றன. அங்கிருந்து பரிவு நரம்புகள் வழியாக உத்தரவு வருகிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, இதயம் வேகமெடுக்கிறது. சில நொடிகளில் எல்லாம் சரியாகிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. தாத்தாவின் உடம்பில் இந்த உத்தரவு போய்ச் சேராமல் இருக்கலாம் என்பதுதான் என் சந்தேகம்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரைக் கவனித்து, தாத்தாவுக்கு இருக்கும் இந்தப் பார்க்கின்சன் நோயைப் பற்றி எழுதினார். நடுக்கம், முன்குனிந்த நடை என்று கண்ணுக்குத் தெரிந்தவைதான் அதில் முதன்மையாக இருந்தன. மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவது பிற்காலத்தில் தெரியவந்தது. அதனால் இது மூளை நோய், அசைவு நோய் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். அந்த எண்ணம் போதாது என்பதைக் காட்டியதில் இதயத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1990-களின் இறுதியில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் டேவிட் கோல்ட்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் பரிவு நரம்பு நுனிகள் உறிஞ்சிக்கொள்ளும் ஒரு கதிரியக்கப் பொருளை ஊசி வழியாகச் செலுத்திப் படம் எடுத்தார்கள். நரம்பு இருந்தால் இதயம் ஒளிரும். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிகிற பார்க்கின்சன் நோயாளிகளின் படங்களில் இதயம் ஒளிரவே இல்லை. அப்படிச் சரியாத பலரிடமும் நரம்பிழப்பு தென்பட்டது. ஜப்பானில் இதேபோல் எம்.ஐ.பி.ஜி. என்ற பொருளைக் கொண்டு எடுக்கும் ஸ்கேனை நோயைக் கண்டறியவே பயன்படுத்துகிறார்கள். நார்அட்ரினலினைப் போன்ற மூலக்கூறு அது. நரம்பு நுனி ஏமாந்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்க்கின்சன் போலவே தோன்றும் வேறொரு நோயில், பல மண்டலச் சிதைவில், பெரும்பாலும் இந்த நுனிகள் பிழைத்திருக்கும். எனவே இரண்டையும் பிரித்தறிய இந்தப் படம் உதவுகிறது. சர்க்கரை நோயும் இதயச் செயலிழப்பும்கூடப் படத்தை மங்கவைக்கும் என்பதால் மருத்துவர்கள் இதை மட்டும் நம்பி முடிவுசெய்வதில்லை.

நுனிகள் ஏன் அழிகின்றன? மூளைச் செல்களில் சேரும் ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதத் திரள், இதயத்துக்குப் போகும் பரிவு நரம்பு இழைகளிலும் சேர்கிறது. டோக்கியோவில் சதோஷி ஒரிமோவின் குழுவினர் இறந்தவர்களின் இதயத் திசுவை ஆராய்ந்தபோது, அழிவு இழையின் முனையில் தொடங்கி நரம்பு முடிச்சை நோக்கிப் போவதாகக் கண்டார்கள். தென்னோலை நுனியிலிருந்து கருகி வருவது போல. சிலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. இதைப் படித்த பிறகு பார்க்கின்சனை வெறும் மூளை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த நரம்பிழப்பு மாரடைப்பு இல்லை. இதய ரத்தக் குழாயில் அடைப்பும் இல்லை. மாடிப்படி ஏறினால் தாத்தா சீக்கிரம் களைத்துப்போவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். அவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள். தலைசுற்றலுக்கு இதயத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ரத்தக் குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகளும் பழுதாகின்றன. நடுக்கத்துக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை இந்த நரம்புகளை மீட்பதில்லை. சிலருக்கு அழுத்தத்தை இன்னும் இறக்கவும் செய்யும். முன்பிருந்தே சாப்பிட்டு வரும் பிரஷர் மாத்திரையும் இப்போது அதிகமாகிப்போகலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தாத்தாவை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார். பிறகு அவர் நிற்கட்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பார்த்து, நாடித்துடிப்பையும் சேர்த்து எழுதிவை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருத்துவருக்கு அது முக்கியமான செய்தி. அழுத்தம் இவ்வளவு இறங்கியும் நாடி அதிகம் ஏறவில்லை என்றால் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். காலையில் ஒரு முறை, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு ஒரு முறை என்று பார். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் இறங்குவதுண்டு.

மருத்துவரைப் பார்க்கும்வரை அவர் படுக்கையிலிருந்து ஒரேயடியாக எழ வேண்டாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கட்டும். உப்பைக் கூட்டுவதெல்லாம் மருத்துவர் சொன்ன பிறகுதான். எழுதிவைத்த தாளை அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் நீயே கொடு. அவர் சொல்வதை எனக்கும் எழுது.

அன்புடன்,
பெரியப்பா