ஜும்ஆ குளிப்பும் உழைப்பாளியின் வியர்வையும்



சென்ற வாரம் தொழுகை முடிந்ததும் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், பக்கத்துல நின்னவர் மூக்கைப் பொத்திக்கிட்டு வேற ஸஃப்புக்குப் போயிட்டார். இனிமே ஜும்ஆவுக்கு வராம வீட்டுலயே ளுஹர் தொழுதுக்கலாமா?" என்றார். அன்று முழுவதும் எனக்கு மனது சரியில்லை.

ஜும்ஆ குளிப்பு எப்படி வந்தது என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அன்றைய மக்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொண்டவர்கள். மதீனாவின் மேட்டுப்புறமான அவாலீயிலிருந்தும் புழுதியில் நடந்து, வியர்வையோடு பள்ளிக்கு வருவார்கள். அப்படி வந்தவரிடம், இந்த நாளுக்காகக் குளித்துத் தூய்மையாகிக்கொண்டால் நன்றாக இருக்குமே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அபூதாவூதில் வரும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு இன்னும் விளக்கமானது: கம்பளி உடை, முதுகில் சுமை தூக்கும் வேலை, குறுகலான பள்ளி, தாழ்ந்த கூரை, கடும் வெயில். ஒருவர் வாடையால் மற்றவர் சிரமப்பட்டார்கள். குளித்து, இருக்கும் நறுமணத்தைப் பூசி வாருங்கள் என்றார்கள் நபியவர்கள். வியர்வையோடு வந்த யாரையும் வராதே என்று தடுக்கவில்லை.

ஆனால் பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றவரை மட்டும் பள்ளியை நெருங்க வேண்டாம் என்றார்கள். அது ஒருவர் விரும்பித் தின்றது. வியர்வை ஹலாலான சம்பாத்தியத்தில் வந்தது. நான் புரிந்துகொண்டது இதுதான். பீடி குடித்த வாயோடு ஸஃப்பில் நிற்பவர்கள், தாங்கள் எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொள்ளட்டும்.

உமர் (ரலி) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருந்தபோது உஸ்மான் (ரலி) அவர்கள் தாமதமாக வந்தார்கள். வேலையாக இருந்தேன், பாங்கு கேட்டதும் உளூ மட்டும் செய்துவிட்டு வந்தேன் என்றார்கள். உளூ மட்டும்தானா என்று உமர் (ரலி) கேட்டார்களே தவிர, திருப்பி அனுப்பவில்லை. இதனால்தான் பெரும்பாலான அறிஞர்கள் இக்குளிப்பை வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்கிறார்கள். குளிக்க வாய்ப்பில்லாத தொழிலாளிக்கு ஜும்ஆவை விட அனுமதியில்லை. உளூ செய்துவிட்டு வரட்டும்.

நம் ஊர்த் தொழிலையொட்டி இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. கையில் சாயம் ஏறியிருந்தால் உளூ கூடுமா? கூடும். மருதாணியைப் போல அது வெறும் நிறம், தண்ணீரைத் தடுக்காது. பாவுக்குக் கஞ்சி போடும்போது கையில் ஒட்டிக் காயும் கஞ்சி அப்படியல்ல. அது படலமாக நிற்கும், தேய்த்து எடுத்துவிட வேண்டும். நகத்தை நாற்பது நாளுக்கு மேல் விடாதீர்கள் என்ற ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. நகம் நீண்டால் இந்தக் கஞ்சியும் அழுக்கும்தான் அடியில் தங்கும். அதே கையால்தான் சாப்பிடுகிறோம்.

ஜும்ஆ குளிப்பின் நேரம் ஃபஜ்ரிலேயே தொடங்கிவிடுகிறது. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தை ஒட்டிக் குளிப்பது சிறந்தது. ஆனால் பகல் ஒரு மணிவரை தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குப் போய்க் குளித்து வர முடியுமா? ஆகவே அந்தச் சகோதரரிடம், நீங்கள் வாங்க, குளிக்க நாங்கள் ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். உளூ செய்யும் இடத்துக்குப் பின்னால் உள்ள குளியலறை பழைய பாய்கள் போட்டுப் பூட்டிக் கிடந்தது. இந்த வாரம் காலி செய்துவிட்டோம். வெள்ளிதோறும் பதினொன்றரை மணிக்கே திறந்திருக்கும், சாவி முஅத்தின் அவர்களிடம். துண்டை மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள்; ஒரே துண்டைப் பலர் துவட்டினால் படர்தாமரை தொற்றும்.